இழுவை வேகம்

படித்தவர்கள் ஒருவரை ஒதுக்கிவைக்க நினைத்தால் சண்டை பிடிக்கமாட்டார்கள். ஒரு விதிமுறையைத் தேடி எடுப்பார்கள். கலாநிதி பிரசாந்திக்கு அது ஆய்வரங்கின் முதல்நாள் காலையிலேயே அகப்பட்டது, அதுவும் நல்ல நேர்மையான முகம் கொண்ட விதிமுறை.

ஆய்வரங்கு திண்மப் பொருள்களைப் பற்றியது. எந்தப் பொருள் எவ்வளவு இழுத்தால் உடையும், விரிசல் எந்தப் பக்கம் ஓடும் என்று கணினியில் முன்கூட்டியே சொல்வதுதான் அங்கு கூடியவர்களின் தொழில். யாழ்ப்பாண நகரத்து ஹோட்டல் ஒன்றில் இரண்டு நாள் பேச்சு. மூன்றாம் நாள் சாவகச்சேரிக்கு அப்பால், ஏ9 வீதியோரத்தில் இருக்கும் பிரசாந்தியின் ஆய்வுகூடத்தில் செயல்முறை. கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் குழுக்கள் வந்திருந்தன. எல்லாருடைய கண்ணும் ஒரே ஆளின் மேல்தான். பேராசிரியர் ஞானகாந்தன் நெல்லியடியில் பிறந்து நோர்வேயில் தலை நரைத்தவர். கலாநிதிப் படிப்புக்கான இடம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். முழுப் புலமைப்பரிசில்.

அந்த இடம் யாருக்கு என்று தீர்க்க ஒரு போட்டி. இந்தத் துறைக்காரர்கள் மட்டும் விளையாடுகிற விளையாட்டு அது. யாருமே உடைத்துப் பார்த்திராத ஒரு வடிவத்தில் துண்டொன்று வெட்டப்படும். இந்த முறை மீன்பிடிப் படகு செய்கிற கண்ணாடி நார்த் தகடு, நடுவில் ஒரு துளை, ஓரத்தில் ஒரு வெட்டு. தகட்டின் இயல்புகள் எல்லாருக்கும் ஒரேமாதிரிக் கொடுக்கப்படும். ஒவ்வொருவரும் கணக்கிட்டு, எத்தனை கிலோநியூட்டனில் உடையும் என்று எழுதி உறையில் ஒட்டிக் கொடுக்கவேண்டும். பிறகு எல்லார் முன்னாலும் அதை இழுத்து உடைப்பார்கள். கிட்ட வந்தவருக்கு நோர்வே.

லவீனாவும் ஒரு உறை கொடுத்தாள். குருநகர்ப் பெண், இன்னாசித்தம்பியின் மூத்த மகள், பிரசாந்தியின் ஆய்வுகூடத்தில் தற்காலிக உதவி விரிவுரையாளர். அந்தத் தற்காலிகமும் மாதக் கடைசியோடு முடிகிறது. எல்லாருக்கும் கொடுக்கப்பட்ட அந்தத் தகட்டின் இயல்புகள் இருக்கின்றனவே, அவற்றை அளந்தவள் அவள்தான். துளையும் வெட்டும் இல்லாத வெறும் கீலங்களாக முப்பது துண்டு வெட்டி, ஒவ்வொன்றாக இழுவை இயந்திரத்தில் மாட்டி, கண் எடுக்காமல் நின்று இழுத்தாள். "துண்டுகளை நீர் இழுத்துத் தாரும், கொம்பியூட்டர் வேலையும் பிறகு உமக்குத்தான்" என்று பிரசாந்தி சொல்லியிருந்தார். அதை நம்பி இரண்டு வருடம் போனது.

தேநீர் மேசைக்குப் பக்கத்தில், நாலு பேர் பார்க்க, பிரசாந்தி அந்த உறையைத் திருப்பி நீட்டினார்.

"லவீனா, இதை நீர் வைச்சிரும்."

"ஏன் மிஸ்?"

"நீர்தானே எல்லாத் துண்டையும் இழுத்தனீர். இது கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்லுற போட்டியல்லே."

"இந்த வடிவத்தை நானும் உடைச்சுப் பாக்கேல்லை மிஸ். மற்றவைக்கு எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான் எனக்கும்."

"உம்மடை கை பட்ட பொருள். பிறகு வெளியாலையிருந்து வந்தவை ஒரு கதை கதைப்பினம்."

"அப்ப முதலே சொல்லியிருக்கலாம்தானே மிஸ்?"

பிரசாந்தி சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பல் மட்டும்தான் இருந்தது. "கோவிக்காதையும். அண்டைக்கு மெசினிலை நீர்தான் நிக்கவேணும். வேறை ஆரும் நிண்டா எனக்கு நம்பிக்கை இல்லை. உங்கடை ஆக்களுக்குக் கைவேலை அந்தமாதிரி வரும்."

பக்கத்தில் நின்றவர்கள் தேநீரைப் பார்த்தார்கள். உங்கடை ஆக்கள் என்றால் யார் என்று அங்கே ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கடற்கரைச் சனத்துக்கு மூளைவேலை சரிவராது என்பதை இவ்வளவு இனிப்பாகச் சொல்ல தெல்லிப்பழைக் கலாநிதி ஒருவரால்தான் முடியும். லவீனாவுக்குக் காது சுட்டது. உறையை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள். அதற்குள் 11.9 என்று எழுதியிருந்தது.

ஆய்வுகூடத்திலிருந்து போட்டியில் நின்றது ஆரபி மட்டும்தான். பிரசாந்தியின் ஊர்ப்பிள்ளை, லவீனாவுக்கு ஒரு வருடம் இளையவள். கெட்டவள் இல்லை. மற்றவர்களுக்கும் வலிக்கும் என்பது அவளுக்கு இன்னும் யாரும் சொல்லித்தராத பாடம், அவ்வளவுதான். இயந்திரத்தை ஒருநாளும் தொட்டதில்லை. லவீனா இழுத்த முப்பது துண்டின் தரவைக் கணினிக்குள் போட்டு, விளங்காத இடங்களில் "அக்கா, இதுக்கு என்ன செய்யிறது?" என்று கேட்டுக் கேட்டே தன் மாதிரியைக் கட்டினாள். லவீனாவும் சொல்லிக்கொடுத்தாள். அப்போது தனக்கும் ஒரு உறை இருக்கிறது என்று நினைத்திருந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்தபோது தாய் செபஸ்தியம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"போட்டி எப்ப பிள்ளை?"

"நாளையிண்டைக்கு."

"உன்ரை பேருக்குக் கோயிலிலை பூசை ஒண்டு குடுத்திருக்கிறன். சுவாமியாரும் சந்தோசப்பட்டவர். பக்கத்து வீட்டு யோசப்பினிட்டையும் சொல்லிப்போட்டன், என்ரை பிள்ளை நோர்வேக்குப் போகப்போறாள் எண்டு."

"எல்லாரிட்டையும் சொல்லுங்கோ! ஒருதரையும் விடாதேங்கோ!"

செபஸ்தியம்மா கத்தியை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார். மகள் ஏன் கத்துகிறாள் என்று விளங்கவில்லை. லவீனாவும் விளக்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவளுக்கு அழுகை வரவில்லை. வந்தது வெறும் ஆத்திரம். யாரையாவது நோகடிக்கவேண்டும் போலிருந்தது, யாரை என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் ஆய்வுகூடம் நிறைந்துவிட்டது. இயந்திரத்தைச் சுற்றிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். துளையும் வெட்டும் கொண்ட துண்டை லவீனா கவ்விகளுக்குள் நேராக மாட்டி இறுக்கினாள். உதிரியாக இன்னொன்று மேசையில் கிடந்தது. ஆரபி புதுச் சேலையில் வந்து அவளுடைய தோளைத் தொட்டாள்.

"அக்கா, இது உடையேக்கை என்னை ஒரு போட்டோ எடுப்பியளே?"

"நான் மெசினிலை நிக்கிறன் ஆரபி. கண்ணிலை தெரியேல்லையே?"

"ஐயோ, ஓம் என்ன. மறந்துபோனன்." சிரித்துவிட்டுப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

பிரசாந்தி உறைகளைப் பிரித்து வாசித்தார். சென்னைக்காரர்கள் 15 என்றார்கள், கொழும்புக்காரர்கள் 9 என்றார்கள். கண்டிக் குழு 12.6. ஆரபி 11.8. ஆரபியின் எண்ணை வாசித்தபோது பிரசாந்தியின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. பேராசிரியர் ஞானகாந்தன் கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்று, எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

லவீனாவின் முன்னால் கட்டுப்பாட்டுத் திரை. வேகம் என்ற கட்டத்தில் 2 என்று இருந்தது. நிமிடத்துக்கு இரண்டு மில்லிமீற்றர், போட்டி விதிப்படி. ஆரபி வெல்லப்போகிறாள் என்பது அந்த அறையில் லவீனாவுக்கு மட்டும் நிச்சயமாகத் தெரியும். கைப்பைக்குள் கிடந்த தன் 11.9 இல் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்றும் தெரியும். இந்தத் தகட்டை வேகமாக இழுத்தால் கூடுதலாகத் தாங்கும். மெதுவாக இழுக்கும்போது பிசினுக்குள் சின்னச் சின்ன விரிசல்கள் பரவ நேரம் கிடைக்கிறது. வேகமாக இழுத்தால் கிடைப்பதில்லை. லவீனா அதையும் ஒருமுறை அளந்து எழுதிக்கொடுத்திருந்தாள். பிரசாந்தி "உது தேவையில்லை" என்று அந்தப் பக்கத்தை வெட்டிவிட்டார். அதனால் யாருடைய கணக்கிலும் வேகம் இல்லை. ஐந்து மடங்கு வேகத்தில் இழுத்தால் துண்டு ஆரபியைத் தாண்டிக் கண்டிக்காரர்களின் எண்ணுக்குப் பக்கத்தில் போய் உடையும்.

பார்த்தால் தெரியாதா? தெரியாது. இங்கே இருக்கிறவர்கள் எல்லாரும் கணினிக்குள் ஆயிரம் தடவை உடைத்தவர்கள். அங்கே நேரம் என்பது ஒரு எண், நினைத்தால் நீட்டலாம், குறுக்கலாம். உண்மைத் துண்டொன்று உடைய எவ்வளவு நேரம் எடுக்கும் என்று இந்தக் கதிரைகளில் ஒன்றுக்கும் தெரியாது. பிரசாந்திக்கே தெரியாது. லவீனா துண்டு இழுத்த நாள்களில் அவர் கூட்டங்களில் இருந்தார்.

"தொடங்கும் லவீனா," என்றார் பிரசாந்தி.

லவீனா 2 ஐ அழித்துவிட்டு 10 என்று அடித்தாள். தனக்கு ஒன்றும் கிடைக்கப்போவதில்லை என்று தெரிந்தேதான் அடித்தாள். எனக்கில்லையா, உனக்கும் இல்லை. உன் மிஸ்ஸின் முகத்தில் இன்றைக்கு நான் கரி பூசுகிறேன்.

இயந்திரம் உறுமியது. துண்டில் வெள்ளைக் கோடுகள் ஓடின. படார் என்று உடைந்தது. சுவரில் இருந்த பெரிய திரையில் 12.7.

கண்டிப் பெடியன்கள் கதிரையை விட்டு எழுந்து கத்தினார்கள். ஆரபி வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் பொங்கி வந்தது. பிரசாந்தி திரையைப் பார்த்தார், ஆரபியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். லவீனாவுக்கு நல்லாக இருந்தது. வெட்கமோ பயமோ வரவில்லை. நெஞ்சு நிறைந்து, நல்லாக இருந்தது.

எல்லாரும் வடை சாப்பிட வெளியே போனார்கள். லவீனா உடைந்த துண்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஞானகாந்தன் வந்து பக்கத்தில் நின்றார்.

"பிள்ளை, அந்த முப்பது துண்டையும் இழுத்தது நீரோ?"

"ஓம் சேர்."

"தனியவோ?"

"ஓம்."

"நான் அதைப் பாத்திட்டுத்தான் இஞ்சை வந்தனான். முப்பது வளைகோடும் ஒண்டுக்கு மேலை ஒண்டு படுத்திருந்தது. நோர்வேயிலை எங்கடை ஆக்களாலையும் அப்பிடி ஏலாது. கொம்பியூட்டருக்கு ஆள் வேணுமெண்டா வாசலிலை வரிசையா நிப்பினம். மெசினிலை நிக்கத்தான் ஒருதரும் இல்லை." கோப்பையை மேசையில் வைத்தார். "இந்தப் போட்டி பிரசாந்தியின்ரை யோசினை, நானும் ஓம் எண்டன். ஆனா என்ரை சொந்த ஆராய்ச்சியிலை இன்னொரு இடம் இருக்குது. அது அந்த முப்பதையும் இழுத்த ஆளுக்கு எண்டு நினைச்சுக்கொண்டு வந்தனான். பின்னேரம் சொல்லுவம் எண்டிருந்தன்."

லவீனாவுக்குக் கையில் இருந்த துண்டு கனத்தது.

"இந்தக் கோப்பையைத் தொட்டுப் பாரும்," என்றார் அவர்.

தொட்டாள். சூடாக இருந்தது.

"நான் பத்து வருசம் மெசினுக்குப் பக்கத்திலை நிண்டு வளந்தவன். ரண்டிலை இழுத்தா, நான் இதைக் குடிச்சு முடிச்சிருப்பன். ரண்டு முறடு குடிக்கமுதல் உடைஞ்சிட்டுது. என்ன வேகம் போட்டனீர்?"

கட்டுப்பாட்டுத் திரையில் 10 இன்னும் அழியாமல் இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

"பத்து சேர்."

"கை தவறினதோ?"

அவள் உடைந்த துண்டை மேசையில் வைத்தாள்.

"யோசிச்சுச் சொல்லும். கை தவறினதெண்டா அந்த முப்பதையும் நான் நம்பேலாது. அதிலை எத்தினை தவறினதோ, ஆருக்குத் தெரியும். தவறேல்லை எண்டா உம்மை நம்பேலாது. எதெண்டாலும் என்ரை ஆய்வுகூடத்துக்கு உம்மைக் கூட்டிக்கொண்டு போக ஏலாது. ஆனா எதெண்டு எனக்குத் தெரியவேணும்."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். கை தவறியது என்று சொன்னால் நல்ல பிள்ளையாகவாவது வெளியே போகலாம். முப்பது துண்டு, இரண்டு வருடம், ஒன்றுக்கு மேல் ஒன்று படுத்த கோடுகள் எல்லாம் குப்பைக்குப் போகும். அவள் நல்ல பிள்ளையை விட்டுவிட்டாள்.

"தவறேல்லை சேர். வேணுமெண்டுதான் செய்தனான். அந்த முப்பதும் சரி."

"நானும் அப்பிடித்தான் நினைச்சன்," என்றார். ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை. அவள் அதற்குத்தான் காத்திருந்தாள். கேட்டிருந்தால் உறையைக் காட்டியிருப்பாள். அவர் ஆறாத தேத்தண்ணியை எடுத்துக் குடித்து முடித்துவிட்டுப் போனார்.

எல்லாரும் திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஞானகாந்தன் முன்னால் வந்தார். "ஒரு சின்னப் பிழை நடந்திட்டுது. வேகம் போடேக்கை பிள்ளைக்குக் கை தவறிப்போச்சு. ஒருதரும் ஒண்டும் நினைக்கவேண்டாம், ஆருக்கும் நடக்கிறதுதான். உதிரித் துண்டைத் திருப்பி இழுப்பம்."

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்றுகிற நினைப்பு அவருக்கு. லவீனா எதைக் காப்பாற்றுவதற்காக அவரிடம் உண்மையைச் சொன்னாளோ, அதை இவ்வளவு பேர் முன்னால் கண்ணியமாகப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார்.

"உமக்கென்ன நித்திரையோ?" பிரசாந்தி பல்லைக் கடித்துக்கொண்டு அவள் காதுக்குள் சொன்னார். "உந்த ஒரு வேலைக்குத்தானே உம்மை வைச்சிருக்கிறன். வெளியாக்களுக்கு முன்னாலை என்ரை மானம் போச்சு."

லவீனா உதிரித் துண்டை மாட்டினாள். இந்த முறை பிரசாந்தியே பக்கத்தில் வந்து நின்று, 2 என்று அடிப்பதைக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். இயந்திரம் மெதுவாக இழுத்தது. சனம் பொறுமையிழந்து கதிரைகளில் நெளிந்தது. வெள்ளைக் கோடுகள் துளையைச் சுற்றிப் பரவின. உடைந்தபோது திரையில் 11.9.

கைதட்டல் ஓயவில்லை. ஆரபி ஓடிவந்து லவீனாவைத்தான் முதலில் கட்டிப்பிடித்தாள். "அக்கா! தேங்ஸ் அக்கா!" அவளுடைய புதுச் சேலையில் கஞ்சி மணம் இன்னும் போகவில்லை. லவீனாவின் கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

புறப்படும்போது ஞானகாந்தன் பிரசாந்தியிடம் சொன்னது ஆய்வுகூடம் முழுக்கக் கேட்டது. "ஆரபி வரமுதல் மெசினும் பழகட்டும். எனக்கு ரண்டு வேலையும் தெரிஞ்ச ஒராள் எண்டா நல்லது."

"லவீனா பழக்கிவிடுவா சேர்," என்றார் பிரசாந்தி. "மாசக் கடைசி வரைக்கும் நிப்பாதானே."

அடுத்த கிழமை ஆரபி கொப்பியும் பேனையுமாக இயந்திரத்துக்கு முன்னால் வந்து நின்றாள். லவீனா கவ்வியைத் திறந்து காட்டினாள், துண்டை நேராகப் பிடிப்பது எப்படி என்று காட்டினாள். ஆரபி கெட்டிக்காரி, ஒருதரம் சொன்னால் பிடித்துக்கொள்வாள்.

"அக்கா, மிஸ் சொன்னவ, பழைய முப்பதையும் எறிஞ்சிட்டு எல்லாம் புதுசா இழுக்கட்டாம். அதிலையும் எங்கையாவது கை தவறியிருக்கலாமாம். நோர்வேக்கு நான் கொண்டுபோறது சுத்தமா இருக்கவேணுமாம்."

லவீனா கவ்வியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அந்த முப்பதிலை ஒரு பிழையும் இல்லை."

"எனக்குத் தெரியும் அக்கா. ஆனா மிஸ்..."

"இஞ்சை பார் ஆரபி. அண்டைக்கு எனக்குக் கை தவறேல்லை. வேணுமெண்டுதான் பத்து அடிச்சனான். நீ தோக்கவேணும் எண்டுதான் அடிச்சனான். விளங்குதே? ஞானகாந்தன் சேருக்கும் தெரியும்."

ஆரபியின் முகம் இளகியது. பேனையை மேசையில் வைத்துவிட்டு லவீனாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சும்மா சொல்லாதேங்கோ அக்கா. நீங்கள் அப்பிடிச் செய்யிற ஆளே? பிழை எல்லாருக்கும் வரும்தானே. அதுக்குப் போய் இப்பிடியெல்லாம் சொல்லலாமே?" பிடித்த மணிக்கட்டைக் குனிந்து பார்த்தாள். "பாருங்கோ, இப்பவும் கை என்ன நடுக்கம் நடுங்குது."